பிரித்துப் பார்க்காத சீட்டு



ஒரு மாதமாக ஊரில் நம்மைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. "சேர் ராவையில கப்பல் உட்டு விளையாடுறாராம்." பள்ளிவாசல் முன்றலில் ஒருவர் கேட்டார். பாடசாலையில் இருவர் கேட்டார்கள். நேற்று மீன் கடையில் வயதான ஒரு காக்காவும் கேட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரமுள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கப்பலில் தொடங்கும் இந்தக் கதை நம் ஊர் வட்ஸ்அப் குழுவில் போய்த்தான் முடிகிறது.

ஆம், விளையாடுகிறோம். இஷா தொழுது, பிள்ளைகள் படுத்த பிறகு, வீட்டு மண்டபத்துத் தரையில் விளையாடுகிறோம். நம் வீட்டுக்காரியின் பழைய கறுப்பு அபாயாத் துணிதான் கடல். அதில் வெண்கட்டியால் ஓரடிச் சதுரங்கள் கீறியிருக்கிறோம். ஒரு சதுரம் ஒரு கடல் மைல். தேய்ந்த றப்பர் செருப்பை பிளேடால் வெட்டிச் செய்த 19 கப்பல்கள். 3000 மடங்கு சிறிதாக்கியதால் 200 மீற்றர் நீளப் போர்க்கப்பல் ஏழு சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. அடிமட்டம், பாகைமானி, ஒரு டோச் லைட், ஒரு சீ.ஆர். கொப்பி. இவ்வளவுதான் சாமான்.

இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, தாயக்கட்டை. இப்படியான விளையாட்டுகளில் குண்டு பட்டதா தவறியதா என்று தீர்மானிக்க உலகமெங்கும் கட்டைதான் உருட்டுகிறார்கள். அதுபற்றி ஹதீஸில் வந்திருக்கும் தடையும், பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடும் நமக்குத் தெரியும். நாம் கட்டை உருட்டவில்லை. பழைய வினாத்தாள்களை வெட்டிச் சீட்டுகளாக மடித்து, பிஸ்கட் டின்னில் போட்டு எடுக்கிறோம். பந்தயம் இல்லை, எதிராளியும் இல்லை. இரண்டு பக்கமும் நாமேதான்.

இரண்டாவது கேள்வி பாரமானது. போரைப் பார்த்த ஊர் இது. இங்கே இருந்துகொண்டு போரை விளையாட்டாக்குவதா? நியாயமான கேள்வி. நம் கடலில் நடந்த போரை நாம் தரைக்குக் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் மாட்டோம். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாமார் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். நாம் எடுத்திருப்பது எண்பது வருடங்களுக்கு முந்திய, சொலமன் தீவுகளில் நடந்த ஓர் இரவுச் சண்டை. அதிலும் நேச நாடுகளின் பக்கத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதை மறக்கக் கூடாதென்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே அந்தத் தொகையை எழுதி வைத்திருக்கிறோம்: 1,077.

சிறுபிள்ளை வேலை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1942 இல் லிவர்பூல் நகரில் பிரித்தானியக் கடற்படை இதே விளையாட்டைத் தரையில் வெண்கட்டியால் கீறித்தான் விளையாடியது. கப்டன் கில்பேர்ட் ரொபேர்ட்ஸ் என்பவரும், கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்திருந்த இளம் யுவதிகளும் நடத்தினார்கள். அனுபவமுள்ள கப்பல் கப்டன்மாரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, சிறிய துவாரம் வழியாக, உண்மையான கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் பார்க்கவிட்டார்கள். அங்கே உருவான உத்திகளைக் கொண்டுதான் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகளை எதிர்கொண்டார்கள்.

இனி நம் சண்டைக்கு வருவோம். அதன் பெயர் சாவோ தீவுச் சமர். 1942 ஒகஸ்ட் 8 இரவு, விடிந்தால் 9.

இந்தச் சண்டைக்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே வருடம் ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதையும், ஏப்ரல் 9 இல் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதையும் நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிய இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவின் தலைமைக் கப்பல் சோக்காய். நான்கு மாதம் கழித்து சாவோவில் தலைமைக் கப்பலாக வந்ததும் அதே சோக்காய்தான்.

ஒகஸ்ட் 7 ஆம் திகதி அமெரிக்கப் படைகள் குவாடல்கனால் தீவில் இறங்கின. அவர்களின் சரக்குக் கப்பல்களைக் காப்பதற்காக, சாவோ என்ற சிறு தீவின் இரு பக்கத்து வாசல்களிலும் போர்க்கப்பல்கள் காவல் சுற்றின. தெற்கு வாசலில் அவுஸ்திரேலியாவின் கன்பராவும் அமெரிக்காவின் சிக்காகோவும். வடக்கு வாசலில் வின்சென்ஸ், குவின்சி, அஸ்டோரியா. கூடவே சிறிய நாசகாரிக் கப்பல்கள். ஜப்பானிய அட்மிரல் மிக்காவா எட்டுக் கப்பல்களை ஒரே வரிசையில் நடத்திக்கொண்டு இருளுக்குள் வந்தார். முன்னால் காவல் நின்ற புளூ என்ற நாசகாரி அவற்றைக் காணவே இல்லை. அதில் ரேடார் இருந்தது. ஆனால் சுற்றியிருந்த தீவுகளின் நிலம் அந்தக் காலத்து ரேடாரைக் குழப்பிவிட்டது.

அதிகாலை 1.43 க்கு பற்றர்சன் என்ற நாசகாரி, அந்நியக் கப்பல்கள் உள்ளே நுழைகின்றன என்று வானொலியில் எச்சரித்தது. அதற்குள் டோபிடோக்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. கன்பராவில் சில நிமிடங்களுக்குள் 20 இற்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. அடுத்து வடக்கு வாசல். 2.20 அளவில் ஜப்பானியர் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். முக்கால் மணித்தியாலம் கூட இல்லை. கன்பரா, வின்சென்ஸ், குவின்சி, அஸ்டோரியா நான்கும் போயின. அந்தக் கடலடியில் அப்புறமும் எத்தனையோ கப்பல்கள் போய்ச் சேர்ந்ததால் அதற்கு இரும்படிக் கடல் என்றே பெயர் வந்துவிட்டது.

முதல் தடவை ஜப்பானியப் பக்கத்தை எடுத்து விளையாடினோம். சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கு. எல்லாக் கப்பலும் நம் கண் முன்னே கிடக்கிறது. எந்தக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். மிக்காவா சரக்குக் கப்பல்களைத் தொடாமல் திரும்பிப் போனார். நாம் அவற்றையும் மூழ்கடித்தோம். மிக்காவாவை விட நாம் கெட்டிக்காரன் என்ற ஒரு நினைப்போடு படுத்தோம். அதை மறைக்கத் தேவையில்லை.

மறுநாள் நம் மூத்த மகன், ஐந்தாம் தரம், கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வாப்பா, அவங்களுக்கு ஜப்பான்காரன் வாறது தெரியாதா?"

தெரியாது என்றோம்.

"அப்ப உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா அது கள்ள விளையாட்டு தானே?"

அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. தனியாக விளையாடுவதில் உள்ள பெரிய சிக்கலே அதுதான். எதிரி எங்கே நிற்கிறான் என்று கையில் தெரிகிறது, தெரியாதது போல மூளையை ஏமாற்ற முடியாது. ஆகவே விளையாட்டையே மாற்றினோம். இந்தத் தடவை சிக்காகோ கப்பலில் ஏறினோம்.

200 சீட்டுகள் எழுதினோம். ஒன்றில் மட்டும் 'எதிரி'. கூடுதலானவற்றில் 'ஒன்றுமில்லை'. மற்றவற்றில் 'விமானச் சத்தம்', 'மழை மறைப்பு', 'ரேடாரில் புள்ளி', 'நமது கப்பல் திரும்பி வருகிறது' என்றிப்படி. இரவு எட்டு மணியிலிருந்து நான்கு மணி வரை காவல். கால் மணித்தியாலத்துக்கு ஒரு சீட்டு, ஓர் இரவுக்கு 32 சீட்டு. ஒவ்வொன்றையும் பிரித்து, கொப்பியில் பதிந்து, தேவையானால் கப்பலைத் திருப்பி, அடுத்த கப்பலுக்குச் செய்தி எழுத வேண்டும். இரவு முடிய எல்லாச் சீட்டையும் மடித்துத் திரும்ப டின்னில் போட வேண்டும். எதிரி எந்த இரவில் வருவான், வருவானா இல்லையா என்பது நமக்கே தெரியாது.

முதல் இரவு ஒழுங்காக விளையாடினோம். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இரவும் அப்படித்தான். மூன்றாம் இரவு 'ரேடாரில் புள்ளி' வந்தது. கப்பலைத் திருப்பிப் போய்ப் பார்த்தோம், தீவு. நான்காம் இரவு, நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டிரண்டு சீட்டாக எடுக்கத் தொடங்கினோம். பதிவதையும் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டோம். ஐந்தாம் இரவு தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக் களைத்துப் போயிருந்தோம். 'விமானச் சத்தம்' வந்தது. நம்முடையதாக இருக்கும் என்று எழுதினோம். அப்படி எழுதச் சொல்லும் விதி எதுவும் கிடையாது. கொஞ்சம் கழித்து இரண்டு சீட்டு எடுத்தோம். ஒன்றைப் பிரித்தோம், மழை. மற்றதைப் பிரிக்காமலே ஓரத்தில் தள்ளிவிட்டோம். கடைசி வரியில் 'விசேடமாக எதுவுமில்லை' என்று எழுதி முடித்தோம்.

சீட்டுகளைத் திரும்பப் போடும்போதுதான் ஓரத்தில் கிடந்ததைப் பிரித்தோம். அதில் 'எதிரி' என்றிருந்தது.

நம் கையெழுத்து. நாமே எழுதிய சீட்டு. எதிரி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, அவனைத் தேடுவதற்கென்றே உட்கார்ந்திருந்தவர் நாம். தூங்கவும் இல்லை. விழித்த கண்ணோடு விட்டுவிட்டோம். இதெல்லாம் நடந்தது மின்விசிறிக்குக் கீழே, பிளேன்டீ குடித்துக்கொண்டு, உயிராபத்து எதுவும் இல்லாமல்.

சிக்காகோவின் உண்மையான கப்டன் ஹவர்ட் போடே. படை இறங்கிய நாள் முதல் இரண்டு நாட்களாக அந்தக் கப்பல்களில் ஆட்களுக்கு ஒழுங்கான உறக்கம் இல்லை. அன்றிரவு தெற்குப் பிரிவின் தலைவர் அட்மிரல் க்ரச்லியை மேலிடம் அவசரக் கூட்டமொன்றுக்கு அழைத்தது. அவர் தன் கப்பலையும் எடுத்துக்கொண்டு போனார். பொறுப்பு போடேயிடம் வந்தது. வடக்குப் பிரிவுக்கு இந்த மாற்றம் அறிவிக்கப்படவில்லை. க்ரச்லி நள்ளிரவுக்குள் திரும்பிவிடுவார் என்று எண்ணிய போடே போய்ப் படுத்தார். எழுப்பப்பட்டபோது சண்டை தொடங்கிவிட்டது. கப்பலின் முன்பகுதியில் டோபிடோ பட்டது. சிக்காகோ மேற்கே விலகிப் போனது. வடக்கில் நின்றவர்களுக்கு அவர் எச்சரிக்கை அனுப்பவில்லை.

பிழைதான். அது பிழையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அட்மிரல் ஹெப்பேர்ன் என்பவர் தலைமையில் விசாரணை நடந்தது. அறிக்கையில் தன் மேல் குற்றம் வரப்போகிறது என்று அறிந்த போடே 1943 ஏப்ரலில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

இன்னொரு கதையும் உண்டு. சண்டைக்கு முந்திய பகல், ஒரு அவுஸ்திரேலிய ஹட்சன் விமானம் மிக்காவாவின் கப்பல்களைக் கண்டது. அந்த விமானக்காரர்கள் உடனே அறிவிக்காமல் தாமதித்தார்கள், இறங்கிப் போய்த் தேநீர் குடித்த பிறகுதான் சொன்னார்கள் என்று ஒரு கதை பிரபலமான வரலாற்று நூலில் ஏறி, அதிலிருந்து மற்ற நூல்களுக்கும் போனது. அவர்கள் பறக்கும்போதே வானொலியில் அறிவித்திருந்தார்கள். 2014 இல் அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுப் பிரிவு, அந்தக் கண்டனம் நியாயமற்றது என்று கடிதம் மூலம் ஏற்றுக்கொண்டது. 72 வருடங்கள். அதற்கிடையில் அவர்களில் எத்தனை பேர் அந்தப் பழியோடு வாழ்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வென்றவரும் தப்பவில்லை. சரக்குக் கப்பல்களை விட்டுவிட்டு வந்ததற்காக மிக்காவாவை அவருடைய ஆட்களே பிறகு குறை சொன்னார்கள். விடிந்தால் அமெரிக்க விமானங்கள் வந்துவிடும் என்று பயந்துதான் அவர் திரும்பினார். அந்த விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏற்கெனவே விலகிப் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நாம் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டல்லவா விளையாடினோம்!

இப்போது ஊருக்கு வருகிறோம்.

போன வருடம் நம் பகுதியில் ஒரு பாடசாலையில், பத்தாம் தரத்துப் பையன் ஒருவன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மூன்று கிழமை கழித்துத்தான் விடயம் வெளியே வந்தது. அன்று இரவே வட்ஸ்அப் குழுவில் பதிவு. "வகுப்பாசிரியைக்குத் தெரியாதா? சம்பளம் எதுக்கு?" நூறு பேர் எழுதினார்கள். பாடசாலையின் பெயர், அந்த ஆசிரியையின் பெயர் எல்லாம் போட்டார்கள். நாமும் ஒரு வரி எழுதினோம்: "கவனயீனம் தவிர வேறு காரணம் இல்லை." அதற்கு நிறைய லைக் விழுந்தது.

நாமும் ஆசிரியர்தான். கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர்தான். ஒரு வகுப்பில் 41 பிள்ளைகள் என்றால் ஒரு கிழமைக்குள் எத்தனை சீட்டு வரும் என்று நமக்குத் தெரியாதா? ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருத்தியின் வீட்டில் மையித்து. ஒருவன் வாப்பாவோடு கடலுக்குப் போனான். ஒருவன் திங்கட்கிழமை மட்டும் வரமாட்டான். பெரும்பாலானவை ஒன்றுமில்லை. எல்லாச் சீட்டும் வெளியே ஒரே மாதிரித்தான் மடிந்திருக்கும். எது அந்த ஒரு சீட்டு என்பது பிரித்த பிறகுதான் தெரியும். அந்த ஆசிரியை வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். பையன் அதை வீட்டில் கொடுக்கவில்லை. இதை நாம் அறிந்தது பல மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் அவர் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார்.

அந்த ஐந்தாம் இரவுச் சீட்டுக்குப் பிறகு நாம் அவருக்கு அழைப்பெடுத்தோம். எழுதியது பிழை, மன்னியுங்கள் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பரவாயில்ல சேர். அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கான்?"

நமக்குத் தெரியவில்லை.

நூறு பேர் எழுதினோம். ஒருவராவது அந்தப் பையனைத் தேடிப் போகவில்லை. யார் பிழை என்று கண்டுபிடித்ததோடு விடயம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் படுத்துவிட்டோம்.

அமெரிக்கக் கடற்படையும் போடேயின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் இரவுச் சண்டையைத் திரும்பப் படித்தார்கள். ரேடாரை எப்படி நம்புவது, எப்போது டோபிடோ விடுவது, யார் யாருக்கு முதலில் அறிவிப்பது என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். இடையில் இன்னும் பல தோல்விகள் வந்தன. கிட்டத்தட்ட ஒரு வருடத்தில், 1943 ஒகஸ்ட் 6 இரவு, வெல்லா வளைகுடாவில் அவர்களின் ஆறு நாசகாரிகள் நான்கு ஜப்பானிய நாசகாரிகளை எதிர்கொண்டு மூன்றை மூழ்கடித்தன. தம் பக்கத்தில் ஒரு கப்பலையும் இழக்கவில்லை.

நம் கருத்து இவ்வளவுதான். ஒரு விபத்து, ஒரு தோல்வி, ஒரு பிள்ளையின் கெட்ட பெறுபேறு என்று ஏதாவது நடந்தால், எழுதுவதற்கு முன் மூன்று விடயங்களைக் கேட்போம். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? தெரிய வேண்டியதை யார், எப்போது அவரிடம் சொன்னார்கள்? அதே நாளில் அவர் முன்னால் வேறு எத்தனை சீட்டுகள் கிடந்தன? இதற்குப் பிறகும் பிழை அவருடையதுதான் என்று தெரிந்தால், அவரிடம் நேரே போய்ச் சொல்வோம். பொறுப்புக் கேட்பது கடமை. பாதி தெரிந்துகொண்டு பெயரைப் போட்டு எழுதுவது அநியாயம். எந்தச் செய்தி வந்தாலும் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படிதான் நம் மார்க்கமும் சொல்கிறது.

வரலாறு கற்பிக்கும் நம் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 'தோல்விக்கான காரணங்கள் ஐந்து' என்று பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். தோற்றவனெல்லாம் மடையன் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. ஒரு பாடவேளையாவது முடிவை மறைத்து வைத்துவிட்டு, அன்று அவருக்குத் தெரிந்ததை மட்டும் கொடுத்து, 'நீ என்ன செய்வாய்' என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் தேவையில்லை, ஒரு பிஸ்கட் டின் போதும்.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போன கிழமை போனோம். ஒரு சாமான் கடையில் வேலை செய்கிறான். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்று சொன்னோம். உம்மா சம்மதித்தார். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பப் போவோம், இன்ஷா அல்லாஹ். கணிதமும் விஞ்ஞானமும் மாலையில் சொல்லிக்கொடுக்க யாராவது முன்வந்தால் உட்பெட்டியில் அறிவியுங்கள். பையனின் பெயரைக் கேட்டு யாரும் இங்கே எழுத வேண்டாம்.